கூரை மேல் பேனல், தலை மேல் கடன்

(பரமத்தி வேலூரில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



வழக்கமாக இந்த மேடையில் நாம் பேசுவது வேறு. ராஜவாய்க்காலில் தண்ணீர் விடச் சொல்லிப் பேசுவோம். கரும்பு விலை, பிலிக்கல்பாளையம் சந்தையில் வெல்லம் போகிற விலை, வாழைத்தார் ஏலத்தில் நடக்கிற கூத்து, கொடிக்காலில் வெற்றிலை வாடி நிற்பது, இதையெல்லாம் பேசுவோம். இன்றைக்கு வீட்டு மொட்டை மாடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "ஏனுங்க, விவசாயச் சங்கத்துக்கும் மொட்டை மாடிக்கும் என்ன சம்பந்தமுங்க?" என்று உள்ளே வரும்போதே ஒரு மாமன் கேட்டார். சம்பந்தம் இருக்குதுங்க. கரண்டுக்கும் நமக்கும் உள்ளது நேற்று வந்த உறவு இல்லை. மின் கட்டணத்தில் ஒரு பைசாவைக் குறை என்று கேட்டதற்கு 1970இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1972இல் நம்முடைய பழைய சேலம் மாவட்டத்திலேயே, பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அத்தனையும் பட்ட பிறகுதான் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. அப்படிப்பட்ட நம் வாசலுக்கு ஒருத்தன் கரண்டு பேரைச் சொல்லி வந்து கையெழுத்து வாங்கிப் போனால், அதைக் கேட்பது சங்கத்தின் வேலைதான்.

அடுத்த வீட்டுக் கதையைச் சொன்னால், "அவிங்களுக்கு விவரம் பத்தலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். பத்து வருஷமாகச் சங்கத்தில் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிற எங்களுக்கே நடந்தது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தவிரவும் ஒரு பெயரைச் சொன்னால், மிச்சம் இருப்பவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடும்.

திட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்யா கர் என்று ஒரு திட்டம் அறிவித்தது. ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரிய ஒளி மின்சாரம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் வரைக்கும் வங்கியில் அடமானம் இல்லாமல் கடன். திட்டத்தில் பழுது சொல்ல வரவில்லை. எங்கள் கூரையில் இன்றைக்கு அது ஓடுகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத சீமை இது. நல்ல வெயில் நாளில் மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு யூனிட் வரைக்கும் வருகிறது. நாங்கள் சொல்ல வந்தது, அந்த வெயிலுக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற ஆளைப் பற்றி.

2024 வைகாசியில் ஒரு பையன் வந்தான். வேற்றாள் இல்லை, பங்காளி வீட்டு உறவில் வருகிறவன். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்து, ஒரு சோலார் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலைக்குப் போயிருந்தான். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "பெரியப்பா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆதார் கார்டு, ஈ.பி. பில்லு, பேங்க் பாஸ்புக் மட்டும் குடுங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றான். நாங்க பாத்துக்கறோம். இந்த இரண்டே வார்த்தைதான் எங்களுக்கு ஏழெட்டு மாசத் தூக்கத்தைக் கெடுத்தது. சொந்தக்காரப் பையன் என்பதால் பேப்பர் கேட்கக் கூச்சம். அவன் பேரில் குற்றம் சொல்லவில்லை, பாவம், கமிஷன் பாக்கிக்கு அவனும் இன்றைக்கு வரைக்கும் அலைகிறான். ஊரெல்லாம் சொந்தம் நிறைந்த நம்ம பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் ஆள் பிடிப்பதே இப்படித்தான்.

ஆனியில் அளக்க வந்தார்கள். சாயங்காலம் நாலு மணி. மாடியில் ஏறிப் பார்த்தவர், வடமேற்கு மூலையில் நின்ற இரண்டு தென்னையின் நிழல் மாடியில் விழுவதைக் காட்டி, "இது ரெண்டும் இருந்தா கரண்டு வராதுங்க" என்றார். எங்கள் அய்யன் வைத்த மரங்கள். வருஷம் தப்பாமல் காய்த்துக்கொண்டிருந்தவை. வீட்டில் பெரிய பேச்சாகிப் போனது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வெட்டினோம். மரத்தை வெட்டின கூலியும் நம்முடையதுதான்.

மாடியின் தெற்குப் பக்கத்தில் படிக்கட்டு அறை, அதன் மேல் தண்ணித் தொட்டி. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது எங்களுக்கு மார்கழியில்தான் புரிந்தது. விவசாயிக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் கேளுங்கள். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் ஒரு தடவை, ஆவணி முதல் வாரத்தில் ஒரு தடவை, சூரியன் உச்சிப் பொழுதில் நம் தலைக்கு நேர் மேலே வரும். இடையில் உள்ள வைகாசி, ஆனி, ஆடியில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அப்போது அளந்தால் தெற்குத் தொட்டியின் நிழல் மாடியில் தெரியவே தெரியாது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். தொட்டி நிழல் வடக்கு நோக்கி நீண்டு வந்து, தெற்குப் பார்த்துப் படுத்திருக்கிற பேனல் மேலேயே விழும். ஆனியில் வந்தவன் ஆனி நிழலைப் பார்த்து மரத்தை வெட்டச் சொன்னான், மார்கழி நிழலைக் கணக்குப் போடவில்லை. களத்தில் நெல் காயப் போடுகிற ஒரு ஆத்தாவைக் கேட்டிருந்தால்கூட எந்த மாசம் எங்கே நிழல் விழும் என்று சொல்லியிருப்பார்.

ஒரு பேனல் மேல்தானே நிழல், மீதி ஓடட்டுமே என்று நினைக்க வேண்டாம். பேனல்களை மாலை கோத்த மாதிரி ஒன்றுக்குப் பின் ஒன்றாக இணைக்கிறார்கள். வாய்க்காலில் நடுவே ஒரு இடத்தில் கரை சரிந்தால் கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் குறைகிறதல்லவா? அதே சங்கதி. பன்னிரண்டு யூனிட் வர வேண்டிய இடத்தில் எங்களுக்கு மார்கழியில் ஏழு வந்தது.

பணக் கணக்குக்கு வருகிறோம். மொத்தம் 2,10,000 ரூபாய் என்று பேசினார்கள். 1,89,000 வங்கிக் கடன், 21,000 நம் கைப்பணம். கைப்பணத்துக்கு ரசீது கேட்டால் "பில்லு மொத்தமா வரும்" என்றார்கள். அதற்கு மேல் மீட்டர் செலவு, எர்த் செலவு, ஆபீஸ் செலவு என்று 15,000 வாங்கினார்கள். ஆபீஸ் செலவு என்றால் என்ன என்று கேட்கக் கூடாதாம். கேட்டோம், சிரித்தார்கள். கடன் ஆடி மாசம் பாஸ் ஆனது. அந்தப் பணம் நம் கைக்கு வருவதில்லைங்க, வங்கியில் இருந்து நேராகக் கம்பெனி கணக்குக்குப் போகிறது. ஒரே தடவையில் முழுப் பணமும் போய்விட்டது. அன்றைக்குப் பேனல் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஒரு கம்பிகூட வரவில்லை. அடுத்த மாசத்தில் இருந்து எங்களுக்குத் தவணை, சுமார் 2,200 ரூபாய்.

யோசித்துப் பாருங்கள். நாம் கிணறு வெட்டினால்கூட ஆழத்துக்கு ஆழம்தான் கூலி கொடுப்போம். கொத்தனாருக்கு வாரம் வாரம் வேலை பார்த்துக் கொடுப்போம். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்துவிட்டு, "அய்யா, எப்ப வருவீங்க?" என்று போன் போட்டுக் கெஞ்சுகிற நிலைமை இதில் மட்டும்தான்.

ஆவணியில் இரண்டு பையன்கள் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆறு பேனல். இரண்டே நாளில் மாட்டிவிட்டார்கள். மாடியில் போட்ட ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை, ஐப்பசி மழையில் நெல் மூட்டை வைத்திருந்த அறை ஒழுகியது. அது சின்ன விஷயம், நாங்களே சிமெண்டுப் பால் ஊற்றிக்கொண்டோம். பெரிய விஷயம் வேறு. போகும்போது, "ஆன் பண்ணிட்டோம் பெரியப்பா, ஓடுது பாருங்க. நெட் மீட்டர் அப்புறம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பச்சை விளக்கு எரிந்தது. நாங்களும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த கரண்டு பில் வந்தது. முன்னே இரண்டு மாசத்துக்கு 420 யூனிட், ஆயிரத்து முந்நூறு ரூபாய்ச் சொச்சம் கட்டிக்கொண்டிருந்த வீடு. சோலார் போட்ட பிறகு 780 யூனிட், நாலாயிரத்து அறுநூறுக்கு மேல்! எங்கள் வீட்டம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க, சூரியன் நமக்குக் கரண்டு குடுக்குதா, நாம சூரியனுக்குக் குடுக்கறமா?"

இதற்கு விளக்கம் சொன்னவர் ஒரு வயர்மேன். வீட்டில் இருக்கிற சாதாரண டிஜிட்டல் மீட்டர்களில் பல, கரண்டு உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பார்ப்பதில்லை. ஓடினால் எண்ணும், அவ்வளவுதான். பகலில் நாம் தோட்டத்தில் இருக்கிறோம், வீட்டில் ஃபேன்கூட ஓடாது. கூரையில் விளைகிற கரண்டில் பெரும்பகுதி லைனுக்குப் போகிறது. அதையும் நாம் செலவழித்ததாகவே மீட்டர் எழுதிக்கொண்டது. 500 யூனிட்டைத் தாண்டினதால் விலைப் படியும் ஏறிவிட்டது. மின்வாரியத்துக்குக் கரண்டும் கொடுத்து, அதற்குக் காசும் கட்டியிருக்கிறோம். நெட் மீட்டர், அதாவது போவதையும் வருவதையும் தனித்தனியே எண்ணுகிற மீட்டர், வைக்கும் வரை சுவிட்சைப் போடவே கூடாது. இதைச் சொல்ல வேண்டியது மாட்டினவன் கடமை. "சுவிட்சை இறக்கி வெச்சிருங்க" என்று வயர்மேன் சொன்னார். இறக்கி வைத்தோம். ஐப்பசி வெயில் பேனலில் அடித்து வீணாகப் போனது. தவணை மட்டும் மாசம் தவறாமல் போனது.

அப்புறம் நடந்தது நடை. கம்பெனிக்குப் போன் செய்தால், "நாங்க எல்லாம் முடிச்சிட்டோம், ஈ.பி.யிலதான் இழுக்கறாங்க" என்பார்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனால், "எங்களுக்கு எதுவும் வரலையே" என்பார்கள். யார் சொல்வது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும்? நாங்களும் பழக்க தோஷத்தில் ஈ.பி.காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு மாசம் இப்படியே. கடைசியில் ஒரு இளம் என்ஜினியர், நல்ல பிள்ளை, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். விண்ணப்பம் கம்பெனியின் படியிலேயே நிற்கிறது. வேலை முடித்த விவரத்தை, பேனல் நம்பரை, படத்தை எதையும் கம்பெனி ஏற்றவில்லை. "உங்க போனுக்கே எல்லாத் தகவலும் வந்திருக்குமே?" என்றார். வரவில்லை. ஏனென்றால் பதிவு செய்திருந்தது எங்கள் நம்பர் இல்லை, கம்பெனிக்காரன் நம்பர். எங்கள் வீடு, எங்கள் கடன், எங்கள் மானியம், எங்கள் ஆதார். ஓ.டி.பி. மட்டும் அவன் போனுக்கு.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். மின் நுகர்வோர் உரிமை விதிகளை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்தியது. அதன்படி 10 கிலோவாட் வரைக்கும் கூரை சோலாருக்கு, சாத்தியம் உண்டா இல்லையா என்ற தனி ஆய்வே வேண்டாம், விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருத வேண்டும். அமைத்து முடித்த பிறகு இணைத்துக் கொடுக்க மின் பகிர்மான நிறுவனத்துக்கு இருந்த 30 நாள் கெடுவையும் 15 நாளாகக் குறைத்தார்கள். நல்ல விதி. மின்வாரியத்துக்குக் கெடு வைத்தார்கள். கம்பெனிக்காரன் கடன் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, முடித்த விவரத்தை ஏற்றாமல் மாசக்கணக்கில் உட்கார்ந்தால், தவணை கட்டுகிற வீட்டுக்காரனுக்கு அந்தக் கெடு என்ன செய்யும்? அந்த 15 நாள் தொடங்கவே தொடங்காதுங்க.

கார்த்திகையில் மீட்டர் வந்தது. வந்தபோது இன்னொன்றும் சேர்ந்து வந்தது. சரிபார்க்க வந்தவர், கம்பெனி ஏற்றியிருந்த பேனல் நம்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலு பொருந்தியது. இரண்டு பொருந்தவில்லை. இந்த மானியம் வேண்டும் என்றால் பேனலும், அதற்குள் இருக்கிற செல்லும், இரண்டும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்று சொல்கிறார்கள். வெளிநாட்டுச் செல்லை வைத்து இங்கே ஒட்டினது விலை மலிவு, ஆனால் அதற்கு மானியம் கிடையாது. நமக்கு விலை போட்டது டி.சி.ஆருக்கு, மாட்டினதில் இரண்டு அது இல்லை. ஆறு மூட்டை உரத்தில் இரண்டு மூட்டை கலப்படம் மாதிரி. உர மூட்டையையாவது பிரித்துப் பார்த்தால் தெரியும், இது கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, நமக்கு எல்லாம் ஒரே நீலக் கலர்தான். 78,000 ரூபாய் மானியம் அந்த இரண்டு பேனலில் மாட்டிக்கொண்டது.

அதற்கு மேல் நாங்கள் தனியாகப் போகவில்லை. சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர் பச்சைத் துண்டோடு கம்பெனி ஆபீசுக்குப் போய், விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். கூச்சல் போடவில்லை, ஒருத்தரையும் தொடவில்லை. உட்கார்ந்தோம், அவ்வளவுதான். மத்தியானம் கட்டுச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். "ஏனுங்க இப்படிக் கடையில வந்து உக்காந்தா ஏவாரம் எப்படி நடக்கும்?" என்று முதலாளி கேட்டார். "எங்க வீட்டுத் தவணை எப்படி நடக்குதுன்னு நாங்க கேக்கத்தானுங்க வந்தோம்" என்று எங்களில் மூத்தவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். தை மாசம் இரண்டு பேனலையும் மாற்றினார்கள். மாசியில் மானியம் கடன் கணக்கில் வந்து விழுந்தது.

தொட்டி நிழல் மட்டும் அப்படியே நிற்கிறது. "அது எங்க பொறுப்பு இல்லை, தொட்டியை நீங்க மாத்திக்குங்க" என்கிறார்கள். மரத்தை வெட்டச் சொன்னபோது பொறுப்பு இருந்தது. அதற்குத்தான் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு.

இதைச் சங்கத்தில் ஒரு நாள் சொன்னபோதுதான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள். வெட்கத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். பாண்டமங்கலம் பக்கம் ஒருவர், மின் இணைப்பு இறந்துபோன தகப்பனார் பேரிலேயே இருப்பதைக் கம்பெனி கவனிக்காமல், முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆறு மாசம் கழித்து "பேர் மாத்திட்டு வாங்க" என்றிருக்கிறது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இணைப்பு அய்யன் பேரிலோ அப்பாரு பேரிலோதான் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். இன்னொரு வீட்டில், கரண்டு போனாலும் சோலாரில் ஃபேன் ஓடும் என்று சொல்லி மாட்டியிருக்கிறார்கள். ஓடாதுங்க. பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்துப் போடுகிற சோலார், லைனில் கரண்டு போனதும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற வயர்மேன் உயிர் அதில் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லி விற்றால் யாரும் கோபிக்கப் போவதில்லை. பொய் சொல்லி விற்றார்கள்.

கபிலர்மலைப் பக்கத்து உறுப்பினர் ஒருவருக்கு வீட்டுச் சோலார் இல்லை, கிணற்றுச் சோலார். வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாகக் கொடுக்கிற பம்புசெட். விவசாயிக்கு 60 சதவீதம் மானியம், ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு விவசாயிக்கு 70 சதவீதம். ஐந்து வருஷம் பராமரிப்பு கம்பெனி பொறுப்பு என்று எழுத்திலேயே இருக்கிறது. சித்திரையில் கன்ட்ரோலர் பெட்டி நின்றுவிட்டது. ஆள் வர இருபத்திரண்டு நாள். வாழை இருபத்திரண்டு நாள் தாங்குமா? எழுத்தில் இருக்கிற ஐந்து வருஷத்துக்கும் குலை தள்ளின வாழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் போய்விட்டது.

இதெல்லாம் புதுசும் இல்லை. 2011இல் தமிழக அரசு சூரிய மின்சக்திப் பசுமை வீடு திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, 1,80,000 ரூபாய், சோலாரில் எரிகிற ஐந்து விளக்கு. வீடு இன்றைக்கும் நிற்கிறது. விளக்கு எத்தனை வீட்டில் எரிகிறது என்று உங்கள் ஊர்ப் பசுமை வீட்டுக்குப் போய் நீங்களே பாருங்கள். நாங்கள் பார்த்த வீடுகளில் பேட்டரி செத்து, பேனல் மேல் மிளகாய் காய்கிறது. மாட்டுகிற அன்றைக்கு போட்டோ எடுக்க எல்லோரும் வருகிறார்கள், மூன்றாம் வருஷம் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று அன்றைக்கே யாரும் எழுதி வாங்குவதில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு தம்பி கேட்டார். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வீடு சோலார். அங்கேயும் மானியம் உண்டு, அங்கேயும் மாட்டிவிட்டு ஓடினவர்கள் உண்டு. ஆகவே அங்கீகாரம் பெற்ற ஆள்தான் மாட்ட வேண்டும், வேலை தொடங்கும்போதும் நடுவிலும் முடிக்கும்போதும் அவரே அந்த வீட்டில் நின்றதற்குப் படத்தோடு சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் சலுகை இல்லை என்று வைத்திருக்கிறார்கள். நம்ம வீட்டில் மாட்டின பையன்கள் யார், என்ன படித்தவர்கள் என்று கம்பெனிக்கே தெரியுமோ என்னவோ. ஒருத்தன் போன வாரம்வரை பந்தல் போடுகிற வேலைக்குப் போனேன் என்றான்.

அதனால் நாம் கேட்பது இதுதான். வங்கிக் கடனை ஒரே தடவையில் கம்பெனிக்குக் கொடுக்காதே. சாமான் இறங்கினதும் ஒரு பங்கு, மாட்டினதும் ஒரு பங்கு, நெட் மீட்டர் ஓடி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசிப் பங்கு என்று கொடு. மீட்டர் ஓடாத வீட்டில் தவணை பிடிக்காதே. கம்பெனி விவரம் ஏற்றுவதற்கும் நாள் கெடு வை, தாண்டினால் ஒவ்வொரு வாரத்துக்கும் அபராதம் போட்டு அதை வீட்டுக்காரர் கடனில் கழி. பேனல் நம்பரை மாடியில் ஏற்றும் முன் தரையிலேயே சரிபார். வீட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் போட வேண்டிய மாதிரி ஒப்பந்தம் இந்தத் திட்டத்திலேயே இருக்கிறது, ஐந்து வருஷப் பராமரிப்பும் அதில் இருக்கிறது. அதைத் தமிழில் கொடு. இங்கிலீஷில் பதினாறு பக்கம் நீட்டி "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்று விரலால் காட்டாதே. புகார் வந்த கம்பெனி பட்டியலில் இருந்து நீங்கும் வரைக்கும் புது வீடு பிடிக்க விடாதே. சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் கேட்கவில்லை. கொத்தனாரிடம் நாம் வைத்திருக்கிற முறையைத்தான் கேட்கிறோம்.

இனிமேல் போடப் போகிறவர்களுக்குச் சில விஷயம். போடாதீர்கள் என்று சொல்ல மாட்டோம். தேசிய இணையத்தளத்தில் பதிவு செய்யும்போது உங்கள் போன் நம்பர், உங்கள் மகன் அல்லது மகள் நம்பர், இதைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரப் பையனாகவே இருந்தாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். கம்பெனி அந்தத் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கை ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள். பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் வரி என்ன என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனல் முதலான சூரிய சக்திச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நிழலுக்கு மாடியில் ஒரு கோலை நட்டு, காலை, உச்சி, சாயங்காலம் மூன்று வேளையும் பாருங்கள். மார்கழியில் பார்த்தால் ரொம்ப நல்லது. மரத்தை வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டாம், வேறு இடத்தில் போட முடியுமா, சட்டத்தை உயர்த்த முடியுமா என்று இரண்டாவது ஆளை வைத்துக் கேளுங்கள். வெட்டின மரம் திரும்பி வராது. எங்கள் மாடியில் இருந்து பார்த்தால் அந்த இரண்டு குழியும் இன்னும் தெரிகிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இருக்க வேண்டாம். திட்டத்துக்கு என்று 15555 என்ற இலவச எண் இருக்கிறது. கரண்டு, மீட்டர், பில் சம்பந்தமாக மின் பகிர்மானக் கழகத்தின் மின்னகம், 94987 94987. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், அதுதான் பிற்பாடு சாட்சி. மீட்டர் தவறாக எண்ணின பில்லுக்கு மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம். கம்பெனிக்காரன் மேல் என்றால் 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். குறை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2024இல் மாட்டினவர்கள் இன்றைக்கே தேதியைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

வருகிற திங்கட்கிழமை நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை எட்டு மணிக்கு வேலூர் பேருந்து நிலையத்தில் இருந்து எல்லோரும் சேர்ந்து போகிறோம். கடன் பாஸ்புக், கம்பெனி கொடுத்த தாள் எதுவாக இருந்தாலும், கரண்டு பில் முன்னே ஒன்று பின்னே ஒன்று, பேனல் முதுகில் ஒட்டியிருக்கிற நம்பரைப் போனில் எடுத்த படம், இத்தனையும் கொண்டுவாருங்கள். படம் எடுக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்குச் சங்கத்துப் பிள்ளைகளே வந்து எடுத்துத் தருவார்கள். பேரையும் ஊரையும் அந்த மேசையில் எழுதிவிட்டுப் போங்கள். பெண்கள் பேரில் கடன் இருந்தால் அவர்களே வர வேண்டும். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், போன தடவை மாதிரி பாதிப் பேர் பசியோடு நிற்க வேண்டாம்.